தோப்பு ரோட்டில் இரண்டு சைக்கிள்



உங்கள் வீட்டுத் திண்ணை ஓரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ ஒரு சைக்கிள் சாத்தியபடி நிற்கிறதா? மகளோ மகனோ மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்த சைக்கிளாக இருக்கலாம். பிள்ளை படித்து முடித்து வெளியூர் போயாயிற்று. அப்பா மோட்டார் சைக்கிளில் போகிறார். அம்மா அதன் பின்னால் உட்கார்ந்து போகிறார். அவருக்கு நேரம் இல்லாவிட்டால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். சைக்கிள் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது.

அந்தச் சைக்கிளை வெளியே எடுங்கள். தூசி தட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டியூபுக்குக் காற்று அடியுங்கள். இன்னொரு சைக்கிளுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள், புருஷன் ஒரு சைக்கிளிலும் பெண்டாட்டி ஒரு சைக்கிளிலுமாக, வண்டி நெரிசல் இல்லாத கிராமத்து ரோட்டில் அரை மணி நேரம் போய் வாருங்கள். இது உங்கள் உடம்புக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது. எப்படி என்று இந்தப் பிரசுரத்தில் சொல்கிறோம்.

நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல

“கல்யாணமான பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா? ஊர்ல சிரிப்பாங்க” என்று சிலர் தயங்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தச் சிரிப்பு எப்போதோ அடங்கிவிட்டது.

1991ஆம் ஆண்டு இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. படிக்காதவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். வகுப்புக்குப் போக, தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக ஒரு பெண் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதே நோக்கம். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள், கிராம சுகாதார செவிலியர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்கே உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அன்று கற்றுக்கொண்டவர்களில் பலர் இன்று பாட்டிமார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். விழுந்த கதை, எழுந்த கதை எல்லாம் சொல்வார்கள்.

எந்த ரோட்டில் போகலாம்?

நெடுஞ்சாலை வேண்டாம். லாரியும் பஸ்ஸும் ஓடும் ரோட்டில் உடம்புக்கு வரும் நன்மையை விட ஆபத்து அதிகம். ஊருக்கு ஊர் இணைக்கும் சின்னத் தார் ரோடுகளும் பஞ்சாயத்து ரோடுகளும் போதும். அப்படிப்பட்ட ரோடுகள் நம்மிடம் நிறைய உண்டு.

ஆலங்குடிக்குக் கிழக்கே வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் செம்மண் தோட்டங்கள். பலா, மா, வாழை, தென்னை என்று இரண்டு பக்கமும் நிழல். விடியற்காலையில் பூப்பறிக்கிறவர்கள் தோட்டத்தில் குனிந்து நிற்பார்கள். பறித்த பூ கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போகும். 2018 நவம்பர் 16ஆம் தேதி அடித்த கஜா புயலில் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வருஷத்துப் பலாவும் தென்னையும் சாய்ந்து போயின. விழுந்த இடத்தில் மறுபடி கன்று வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். உடம்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கெட்டுப் போச்சே என்று உட்காராமல், இன்று ஆரம்பிக்கலாம்.

மேற்கே அன்னவாசல் பக்கம் போனால் மேடும் பள்ளமுமான ரோடு. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர், குடுமியான்மலை சுமார் 20 கிலோமீட்டர். நகரத்திலிருந்தே மிதித்துப் போக வேண்டும் என்பதில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு இவை காலை நேரத்தில் எட்டும் தூரம். சித்தன்னவாசல் குகைக் கோயிலில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக்குள ஓவியம் இருக்கிறது. குன்றின் மேல் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகளும், 2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு உண்டு. அயலூர்க்காரர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஊரில் இருந்தும் நம்மில் பலர் கல்யாணமானபின் ஒரு நாள் கூடச் சேர்ந்து போய்ப் பார்த்ததில்லை.

உங்கள் ஊர் வேறு பக்கம் என்றாலும் கவலை இல்லை. ஒரு கண்மாய்க் கரை, ஒரு முந்திரித் தோப்பு, ஒரு பழைய ஐயனார் கோயில் இல்லாத ஊர் ஏது?

உடம்புக்கு என்ன நன்மை?

வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பை மிதமாக உழைக்க விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு அரை மணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும். அவசரமில்லாமல் மிதித்தால் அரை மணியில் ஐந்து ஆறு கிலோமீட்டர் போகலாம்.

மிதமான உழைப்பு என்பதற்கு ஒரு சுலபமான அளவு உண்டு. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு முட்டினால் வேகம் அதிகம். மெதுவாகப் போங்கள்.

இப்படித் தொடர்ந்து செய்தால் இருதயமும் நுரையீரலும் பலப்படும். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கால் தசைகள் எடுத்துச் செலவழிக்கும். இரத்தக் கொதிப்பு கட்டுப்பட உதவும். இராத்திரி நல்ல தூக்கம் வரும். உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் சீட் தாங்குவதால், நடக்க முழங்கால் வலிக்கிறவர்களில் பலருக்குச் சைக்கிள் சுலபமாக இருக்கும்.

“நாங்க தினமும் வயல்ல பாடுபடுறோம். இது வேற எதுக்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுதும் களை எடுத்து, நாற்று நட்டு, வாய்க்கால் வெட்டுகிறவருக்கு இதனால் உழைப்புக் கூட வேண்டிய அவசியமில்லை. ஆனால் உழவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வேலை இல்லாத மாதங்களும் இருக்கின்றன. கிராமத்திலும் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்பது உங்களுக்கே தெரியும். மேலும் வயலில் உழைப்பது வேலை. இது வேலை இல்லாமல் இருவரும் சேர்ந்து போகிற நேரம்.

வீண் பயம் வேண்டாம்

“பொம்பளை சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்னு எங்க அத்தை சொல்றாங்களே?”

இது தவறான எண்ணம். கர்ப்பப்பை இறங்குவதற்குப் பல பிரசவங்கள், மிகவும் கஷ்டப்பட்ட பிரசவம், பிரசவமான உடனே பாரம் தூக்குவது, தீராத இருமல், நாட்பட்ட மலச்சிக்கல் போன்றவை காரணம். ஏற்கெனவே இறக்கம் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு ஓட்டலாம்.

“தூரமான நாள்ல ஓட்டலாமா?”

உங்களுக்குச் சௌகரியமாக இருந்தால் ஓட்டலாம். வலியோ அசதியோ இருந்தால் ஓய்வெடுங்கள். மாதாமாதம் இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் சும்மா இருக்காதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. சின்ன மேடு ஏறும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு வாங்கினால் அது இரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். “வயசாயிருச்சு” என்று விட்டுவிடாதீர்கள்.

“ஆம்பளைக்கு ஆண்மை குறைஞ்சிடும்னு டீக்கடையில பேசிக்கிறாங்க...”

அரை மணி, ஒரு மணி ஓட்டுவதால் அப்படி எதுவும் ஆவதில்லை. குறுகலான, கடினமான சீட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த இடம் மரத்துப் போகலாம். அப்போது இறங்கிச் சற்று நடங்கள். சீட்டின் முனை மேல்நோக்கித் தூக்கியிருந்தால் சமமாக வையுங்கள்.

காப்பர் டி போட்டிருக்கும் பெண் சைக்கிள் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம். மிதிப்பதால் அது நழுவிவிடாது.

எப்போது ஓட்டக் கூடாது?

கர்ப்பிணிகள் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதைத் தவிர்ப்பதே நல்லது. மிதிப்பதால் குழந்தைக்குக் கெடுதல் என்பதல்ல. வயிறு வளர வளர உடம்பின் நிதானம் மாறும். விழுந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. அந்த மாதங்களில் இருவரும் அதே ரோட்டில் நடந்து போய் வாருங்கள்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரப் பரிசோதனை முடிந்து, தையல் ஆறி, உதிரப்போக்கு நின்ற பிறகு மெதுவாகத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து, டாக்டர் சொன்ன பிறகு ஓட்டலாம்.

பெண்கள் குடும்பநல அறுவை சிகிச்சை செய்துகொண்டால் 2 நாளுக்குப் பிறகு இலேசான வேலை செய்யலாம். 2 வாரத்தில் படிப்படியாக எல்லா வேலைக்கும் திரும்பலாம். சைக்கிளும் அதற்குப் பிறகுதான்.

ஆண்கள் தழும்பில்லாத நவீன கருத்தடை சிகிச்சை செய்துகொண்டால் 2 நாளுக்குப் பிறகு வழக்கமான வேலைக்குப் போகலாம். சைக்கிள் ஓட்ட 1 வாரம் பொறுக்க வேண்டும். ஆண்களே, இதைக் கவனியுங்கள். உங்களுக்கு 1 வாரம், மனைவிக்கு 2 வாரம். உங்களுக்குச் செய்வது சிறிய, சுலபமான சிகிச்சை. அதனால் பலமும் குறையாது, தாம்பத்திய சுகமும் குறையாது. ஆனால் சிகிச்சைக்குப் பின் 3 மாதம் ஆணுறையோ வேறு முறையோ பயன்படுத்தி, பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரிந்த பிறகே அதை நிறுத்த வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் போக வேண்டாம். சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ குளுக்கோஸோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே இறங்கி அதைச் சாப்பிடுங்கள். நெஞ்சில் பாரமோ வலியோ வந்தால் மிதிப்பதை நிறுத்தி 108க்குப் போன் செய்யுங்கள்.

கற்றுக்கொள்வது எப்படி?

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர்களுக்குக் கவலை இல்லை. கால் மறக்காது. ஒருபோதும் ஓட்டாத பெண்கள் இப்படிச் செய்யலாம். சீட்டை நன்றாகத் தாழ்த்தி, இரண்டு பாதமும் தரையில் பதியும்படி வையுங்கள். பெடலை மறந்துவிடுங்கள். பள்ளிக்கூட மைதானம் போன்ற இடத்தில் காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். நிதானம் வந்தபின் பெடலில் கால் வையுங்கள். குனிந்து சக்கரத்தைப் பார்க்காதீர்கள், எதிரே பாருங்கள். கணவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கோபித்துக் கத்தக் கூடாது. கத்தினால் கற்கிறவர் விழுவார்.

நன்றாக ஓட்டப் பழகியபின் சீட்டை உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

புறப்படுமுன் காற்று, பிரேக், செயின், பெல் நான்கையும் பாருங்கள். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். செயினுக்குக் கவரும், பின் சக்கரத்துக்குச் சேலைத் தடுப்பும் இருப்பது அவசியம். ஹெல்மெட் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். தலை ஒன்றுதான் இருக்கிறது.

தோப்பு ரோட்டில் கவனிக்க வேண்டியவை

இடது ஓரமாகவே செல்லுங்கள். வளைவிலும் வண்டி வரும்போதும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். காற்றில் வரும் மருந்து மூச்சிலும் தோலிலும் சேரும். பழம் வாங்கினால் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

முந்திரித் தோப்பில் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடிக்காதீர்கள். அதன் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டால் உதடும் வாயும் வெந்து போகும்.

பலா காய்க்கும் காலத்தில் மரத்தடியில் சைக்கிளை நிறுத்தி உட்காராதீர்கள். பழுத்தது எப்போது விழும் என்று மரத்துக்கே தெரியாது.

நாய் குரைத்துத் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நகருங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் திரும்பிவிடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். சாயங்காலம் போகிறவர்கள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும். தவறினால் டார்ச் விளக்கு அவசியம்.

வீட்டில் பேச முடியாததை ரோட்டில் பேசுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறோம்.

மாமனார், மாமியார், பிள்ளைகள், உறவினர் என்று நிறைந்திருக்கும் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மனம் விட்டுப் பேச இடம் ஏது? பகலில் வேலை. இராத்திரி அசதி. நடுவில் டி.வி. சத்தம். அடுத்த குழந்தை எப்போது, ஆபரேஷன் யார் செய்துகொள்வது, மகளுக்கு இப்போதே கல்யாணப் பேச்சா, அவள் படிக்கட்டுமா என்பதையெல்லாம் யாரோ பேசி முடிவு செய்கிறார்கள். சம்பந்தப்பட்ட இருவரும் பேசுவதில்லை.

தோப்பு ரோட்டில் ஒட்டுக் கேட்க ஆளில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமானதைக்கூட, பக்கத்தில் மிதித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி சொல்லிவிடலாம். ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து இளைப்பாறும்போது இப்படி ஒரு பேச்சு வரலாம்:

“ஏங்க, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“மூணு மாசமா எனக்குப் போக்கு அதிகமா இருக்கு. வீட்டுல வச்சுச் சொல்ல வாய் வரல.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“நாளைக்கு உங்களுக்கு நடவு இருக்கு. நானே சைக்கிள்ல போய்க் காட்டிட்டு வந்துர்றேன்.”

“தனியாப் போயிருவியா?”

“இவ்வளவு தூரம் வரலையா? இதுல பாதி தூரந்தான் ஆஸ்பத்திரி.”

இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் நடக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பிரசுரம். வியாதியைச் சொல்ல ஒரு இடம் வேண்டும். சொன்னபின், யாருக்கும் காத்திராமல் போய்க் காட்ட ஒரு வழி வேண்டும். இரண்டும் இந்தச் சைக்கிளில் இருக்கின்றன. ஆண்களுக்கும் இதுவே சொல்கிறோம். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டதை மனைவியிடம் மறைத்திருந்தால், அந்த மதகில் உட்கார்ந்து நீங்களும் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். முதல் நாள் ஊர் எல்லை வரை போதும். மறுநாள் அடுத்த தோப்பு வரை. போகிற வழியில் துணை சுகாதார நிலையமோ ஆரம்ப சுகாதார நிலையமோ இருந்தால், ஒரு நாள் அங்கேயும் நிறுத்துங்கள். 30 வயது தாண்டிய இருவரும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் மார்பக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குக் குழந்தை 3 வருஷமாவது இடைவெளி விட என்ன முறை பொருந்தும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் இருவருமாகச் சேர்ந்தே கேளுங்கள்.

இரண்டு சைக்கிளும் வாசலில் சேர்ந்து நிற்பதைப் பார்த்தாலே அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.